இட்டேரியில் ஜீப் பவனி

பல்லடத்தைச் சுற்றியுள்ள கிராமப் பாதைகளில், விடுமுறை நாட்களின் காலை வேளையில், இப்பொழுது ஒரு புதிய காட்சி தென்படத் தொடங்கியிருக்கிறது. பருத்த சக்கரங்களும் தரைக்கு மேல் உயர்ந்து நிற்கும் உடலும் கொண்ட ஜீப் வண்டிகள் நான்கைந்து ஒன்றுகூடி, தார் ரோட்டை விட்டு இறங்கி, இட்டேரிகளிலும் ஓடைகளிலும் குட்டைக் கரைகளிலும் உறுமிக்கொண்டு ஓடுகின்றன. அவற்றில் வருவோர் சந்தைக்குச் செல்கிறவர்கள் அல்லர். தோட்டத்துக்கு உரம் கொண்டு போகிறவர்களும் அல்லர். அவர்கள் போய்ச்சேர வேண்டிய இடம் என்று ஒன்றுமில்லை. பாதை கரடுமுரடாக இருப்பதே அவர்களுக்கு வேண்டும். சேறு எவ்வளவு ஆழமோ அவ்வளவு இன்பம். இந்த வினோதத்துக்கு 'ஆப்-ரோட்' ஓட்டம் என்று பெயர். பெயர் அந்நியமானது, பழக்கமும் அந்நியமானதே. ஆனால் அதனால் விளையும் நஷ்டம் முற்றிலும் நம்முடையது. ஆகையால் இதைப்பற்றிச் சில வார்த்தைகள் கூறுவது அவசியமென்று நினைக்கிறோம்.

இட்டேரி என்றால் இன்னதென்று கொங்கு நாட்டு நேயர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. மற்றைய ஜில்லாக்களில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறோம். இருபுறமும் தோட்டங்கள், தோட்டங்களுக்கு உயிர்வேலி, அந்த இரு வேலிகளுக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி செல்லும் அகலத்துக்கு மண் தடம். இதுவே இட்டேரி. கிளுவைக் கொம்பை வெட்டி நட்டால் அது துளிர்த்து வேலியாகிவிடும். அதனூடே கள்ளியும், கொடிகளும், முள்ளும், மூலிகைகளும் தாமே வந்து குடியேறும். கவுதாரியும், முயலும், கீரியும், உடும்பும், ஓணானும், பாம்பும் அங்கே வாசம் செய்யும். மழை நாளில் தோட்டங்களிலிருந்து வடியும் நீர் இந்தத் தடத்தின் ஓரமாக ஓடிக் குட்டைக்கும் ஓடைக்கும் போய்ச் சேரும். ஒரே இடம் பாதையாகவும், வேலியாகவும், வடிகாலாகவும், மேய்ச்சல் நிலமாகவும், பறவைகளின் சரணாலயமாகவும் பயன்படுமாறு நம் முன்னோர் அமைத்து வைத்தார்கள். எந்த இஞ்சினீயரும் படம் வரைந்து கொடுத்து உண்டாக்கிய ஏற்பாடல்ல இது. தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் தம் நிலத்தின் ஓரத்தைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்ததனால் உண்டானது.

பழைய காலத்துச் சமாசாரம், இன்று இதற்கென்ன பிரயோஜனம் என்று யாரேனும் கேட்கக்கூடும். பிரயோஜனம் நிரம்ப இருக்கிறது. காங்கயம் மாடுகள் பூட்டிய வண்டிகள் குறைந்துவிட்டன என்பது உண்மை. ஆனால் பால் கேனை மொபெட்டில் கட்டிக்கொண்டு சொஸைடிக்குச் செல்லும் விவசாயி இட்டேரி வழியாகத்தான் செல்கிறார். விசைத்தறிக் கொட்டகைகளில் இரவு ஷிப்டு முடித்து வரும் தொழிலாளிகள் குறுக்கு வழியாக இதில்தான் நடக்கிறார்கள். ஆறேழு வெள்ளாடுகளை வைத்துக்கொண்டு ஜீவனம் நடத்தும் ஸ்திரீகளுக்கு, சொந்தத்தில் ஒரு சென்ட் நிலம் இல்லாதபோது, இட்டேரியின் ஓரத்துத் தழையே மூலதனம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்து பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதும் இதில்தான். ஏழைகளின் ராஜபாட்டை என்று இதைக் கூறினால் அது மிகையாகாது.

இத்தகைய பாதையில் ஜீப் வந்து நுழைகிறது. ஜீப் என்பது இரண்டாவது உலக மகாயுத்தத்தில் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட வாகனம். பாதையே இல்லாத யுத்தகளத்தில், எதிரியின் பூமியில், எதைப்பற்றியும் கவலையின்றி ஏறிச் செல்வதற்கென்று அது பிறந்தது. நம் தேசத்திலும் மலைத் தோட்டங்களிலும் போலீஸ் இலாகாவிலும் அது வெகுகாலம் உழைத்திருக்கிறது. அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம். இன்று அதன் வாரிசுகள், குளிர்சாதனமும் பாட்டுப் பெட்டியும் பொருத்தப்பட்டு, செல்வந்தர் வீட்டு வாசல்களில் நிற்கின்றன. வண்டியின் வலிமையைப் பரீட்சை செய்து பார்க்க வேண்டுமென்ற ஆசை வாலிபர்களுக்கு எழுவது இயற்கை. ஆனால் யுத்தகளத்துக்காக உண்டான சக்தியைப் பரீட்சிக்க, ஆடு மேய்க்கும் பாதை தகுந்த இடந்தானா என்பதே கேள்வி.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு வாரத்தில், இத்தகைய பவனி ஒன்று சென்ற இட்டேரியை நாம் நேரில் கண்டோம். நடுவிலிருந்த புல் திட்டு முழுதும் பெயர்ந்து போயிருந்தது. சக்கரம் சென்ற இரு தடங்களும் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகி, அவற்றில் செந்நீர் தேங்கி நின்றது. ஒரு வண்டி சேற்றில் புதைந்து, அதை மீட்பதற்காக இரும்புக் கயிற்றைக் கட்டியிழுத்ததில், பக்கத்துத் தோட்டத்து வேலிக் கிளுவை மூன்று நான்கு அடியோடு சாய்ந்து கிடந்தது. அந்த இடைவெளியில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துக்கொண்டிருந்த மூதாட்டியார், நம்மைப் பார்த்து, "ஏனுங்க, அவுங்களுக்கு ஓட்டறதுக்கு ரோடே இல்லீங்களா?" என்று கேட்டார். கோபத்துடன் அல்ல, உண்மையில் விளங்காமல்தான் கேட்டார். அதற்குத் தகுந்த விடை நம்மிடம் இல்லை.

மண்ணுக்கு என்ன நேருகிறதென்பதைச் சற்று ஆராய்வோம். நல்ல மண் என்பது வெறும் தூள் அன்று. அதில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் எண்ணிறந்தவை உண்டு. மழைநீர் அவற்றின் வழியாகவே உள்ளே இறங்குகிறது. வேர் அவற்றின் வழியாகவே மூச்சு விடுகிறது. கனமான சக்கரம் அழுத்தும்போது அத்துவாரங்கள் மூடிக்கொள்கின்றன. ஈரமாக இருக்கும் காலத்தில் அழுத்தினால் இத்தீங்கு பன்மடங்காகும். ஆப்-ரோட் பிரியர்கள் விரும்புவதோ ஈரமான காலத்தையே. மண் இறுகிய பின் மழைநீர் உள்ளே புகாது, மேலே ஓடும். ஓடுவதற்குச் சக்கரத் தடமே வாய்க்காலாக அமைந்துவிடுகிறது. ஒரு மழைக்கு விரல் ஆழம், மறு மழைக்கு சாண் ஆழம் என்று அறுத்துக்கொண்டு சென்று, கடைசியில் இட்டேரி ஓர் ஓடையாகிவிடுகிறது. மேல்மண் குட்டையில் போய் வண்டலாகப் படிகிறது, குட்டை மேடாகிறது. மேற்கு மலைத் தொடரின் மழை மறைவில் கிடக்கும் பல்லடம் போன்ற பூமியில், விழுகின்ற ஒவ்வொரு துளியும் கிணற்றுக்குப் போய்ச் சேரவேண்டும். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் முறை வைத்து வரும் தண்ணீரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் விவசாயிக்கு, மழை நீர் மண்ணில் இறங்காமல் ஓடிப்போவதைப்போன்ற நஷ்டம் வேறில்லை.

இவ்விதம் இறுகிய மண் சீக்கிரத்தில் தேறிவிடும் என்று நினைப்பதும் தவறு. 1942-ஆம் ஆண்டில், ஜெனரல் பாட்டன் என்னும் அமெரிக்க சேனாதிபதி, வட ஆப்பிரிக்க யுத்தத்துக்குத் தம் படைகளைப் பழக்குவதற்காகக் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஒரு முகாம் ஏற்படுத்தினார். அங்கே டாங்கிகள் ஓடிய தடங்கள், யுத்தம் முடிந்து எத்தனையோ தசாப்தங்கள் கழிந்த பின்னரும், கண்ணால் காணும்படி இருக்கின்றன. வறண்ட பூமி தன் காயத்தை எளிதில் மறப்பதில்லை. நம் பூமி பாலைவனம் அல்ல என்பது மெய்தான். ஆயினும் மழை குறைந்த சீமையில் மண் மெதுவாகத்தான் ஆறும் என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

அடுத்தபடி ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடம் தாலூகாவில் காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. விசிறிகளைச் சுழற்றும் அதே காற்று, சக்கரங்கள் கிளறிவிட்ட மண்ணையும் வாரிக்கொண்டு போகும். புல்லின் வேர் பிடித்து வைத்திருந்த மண் அது. புல் போனபின் அதைப் பிடித்து வைப்பது எது? அது பயிரின் இலைமேல் படிகிறது. வீட்டு முற்றத்தில் படிகிறது. நெய்கிறவன் நெஞ்சிலும் படிகிறது.

வாயில்லா ஜீவன்களின் கதியைச் சொல்லவேண்டியதில்லை. ஆள்காட்டிக் குருவி கூடு கட்டுவதில்லை. வெறுந் தரையில், கல்லோடு கல்லாக, முட்டையிடும். கவுதாரியும் மயிலும் புதரோரத்துத் தரையில்தான் அடைகாக்கும். கூழாங்கல்லைப்போல் கிடக்கும் ஆள்காட்டியின் முட்டை, நடந்து செல்கிறவன் கண்ணுக்கே எளிதில் புலப்படாது. ஜீப்பின் உயரத்திலிருந்து நோக்குகிறவனுக்கு எவ்விதம் புலப்படும்? குற்றம் செய்ததாகக்கூட அறியாமல் அவன் சென்றுவிடுகிறான்.

பல்லடத்துக்கே உரிய மற்றொரு நஷ்டமும் உண்டு. கறிக்கோழி வளர்ப்பில் இவ்வூர் இந்தியா முழுவதும் பெயர் பெற்றது. கோழி விலையை நிச்சயிக்கும் ஒருங்கிணைப்புக் குழு பல்லடத்திலிருந்தே காரியம் செய்துவருகிறது. சுற்றுவட்டாரத்தில் இட்டேரிகளின் ஓரமாகவே எத்தனையோ கோழிப் பண்ணைகள் இருக்கின்றன. கோழி மிகவும் பயந்த பிராணி. திடீரென்று பெருஞ் சப்தம் கேட்டால், மந்தை முழுதும் ஒரு மூலையில் போய்க் குவியும். அடியில் அகப்பட்டவை மூச்சுத் திணறிச் சாகும். இது பண்ணைக்காரர் யாவரும் அறிந்த விஷயம். நோய்க்கு அஞ்சி, பண்ணைக்குள் வரும் லாரியின் சக்கரங்களுக்கு மருந்து தெளித்து அனுமதிக்கும் பண்ணைகள் உண்டு. ஒரு பண்ணையின் கழிவிலும் இன்னொரு பண்ணையின் வாசலிலும் மாறி மாறிப் புரண்டு செல்லும் இந்தக் கேளிக்கை வண்டிகளுக்கு யார் மருந்து தெளிப்பது?

இனி, இதற்குக் கூறப்படும் சமாதானங்களை நியாயமாகப் பரிசீலிப்போம்.

"இட்டேரி பொதுப் பாதை, பொதுப் பாதையில் எவரும் செல்லலாம்" என்பது முதல் வாதம். பொதுப் பாதை என்பது உண்மையே. பொதுக் கிணறும் பொதுவானதே. அதில் எவரும் குடத்தைக் கொண்டுவந்து நீர் மொள்ளலாம். ஆனால் எருமையை இறக்கிக் குளிப்பாட்டலாமென்று எவரும் சொல்லமாட்டார். பொது என்பதன் பொருள், ஒருவன் உபயோகித்த பின்னும் மற்றவனுக்கு மிஞ்சி நிற்கவேண்டும் என்பதே. ஒருவனுடைய ஒரு மணி நேர விளையாட்டினால் நூறு பேர் ஒரு வருஷம் நடக்க முடியாமற் போகுமானால், அது பொது உரிமையை உபயோகிப்பதன்று, அபகரிப்பதாகும்.

"இட்டேரிகளை அழித்தவர்கள் நாங்களா? வீட்டுமனைக்காரர் அழிக்கவில்லையா? காற்றாலைக்குப் பெரிய கிரேன்கள் செல்லப் பாதையை அகலப்படுத்தவில்லையா? ஜல்லி லாரிகள் ஓடவில்லையா? மண் வெட்டும் இயந்திரத்தைக் கொண்டு வேலியை வழித்தெறியவில்லையா?" என்பது இரண்டாவது வாதம். இதில் உள்ள உண்மையை நாம் மறைக்க விரும்பவில்லை. மொத்தத்தில் பார்த்தால், ஜீப்புகளைக் காட்டிலும் வீட்டுமனைகளும் லாரிகளும் செய்த அழிவே பெரிது. உயிர்வேலியைக் களைந்துவிட்டுக் கம்பி வேலியும் கல்தூணும் நட்ட விவசாயிகளும் இக்குற்றத்தில் பங்காளிகளே. ஆனால் இவ்வாதம் ஜீப்புக்காரருக்கு அநுகூலமாவதில்லை, எதிராகவே நிற்கிறது. நூறு இட்டேரி இருந்த காலத்தில் ஒன்று கெட்டால் பொறுக்கலாம். பத்தே எஞ்சியிருக்கும் காலத்தில் ஒவ்வொன்றும் அருமையானது. மேலும், காற்றாலையினால் மின்சாரம் கிடைக்கிறது. லாரியினால் வீடு எழும்புகிறது. அவற்றின் தீமையை எடை போடும்போது மறு தட்டில் வைக்க ஏதோ ஒன்று உண்டு. இந்த வினோதத்துக்கு மறு தட்டில் வைப்பதற்கு ஓட்டியவனுடைய சந்தோஷத்தைத் தவிர வேறென்ன உண்டு?

"கேத்தனூர்ப் பக்கத்தில் தேசியக் கார் ரேலியே நடந்திருக்கிறதே, அதற்கு மட்டும் ஏன் ஆக்ஷேபமில்லை?" என்பது மூன்றாவது வாதம். கோயம்புத்தூர் ரேலி அண்மை ஆண்டுகளில் கேத்தனூர்க் காற்றாலைகளுக்கு இடையேயுள்ள மண் பாதைகளில் நடத்தப்பட்டது உண்மைதான். ஆனால் ஒழுங்கான ரேலிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ரேலிக்குத் தேதி உண்டு, பாதை இன்னதென்ற வரையறை உண்டு, அனுமதி உண்டு, மோட்டார் பந்தய சம்மேளனத்தின் விதிகள் உண்டு, பாதையை அடைத்துக் காவல் வைப்பதுண்டு, தவறு நேர்ந்தால் கேட்பதற்கு ஒரு ஸ்தாபனம் உண்டு. ரேலியினால் யாதொரு தீமையும் இல்லை என்று நாம் சொல்லவில்லை; அதன் பின் பாதையைச் செப்பனிட்டுக் கொடுக்கும் பொறுப்பும் அதை நடத்துவோருக்கு உண்டென்றே கூறுகிறோம். ஆனால் பெயரும் முகவரியும் இல்லாமல், எந்நாளில் எவ்வழியாக வருமென்று தெரியாமல் வந்து போகும் கூட்டத்துக்கு ரேலி ஒரு முன்மாதிரி ஆகாது. பல்லடத்துக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே செட்டிபாளையத்தில், கரிவர்தன் என்ற மோட்டார் வீரரின் ஞாபகார்த்தமாகப் பெயரிடப்பட்ட பந்தயத் திடல் ஒன்று இருக்கிறது. விளையாட்டுக்கு அதற்குரிய இடத்தை அமைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

நான்காவது வாதமே நம் மனத்தைத் தொடுவது. "வாரம் முழுவதும் பனியன் கம்பெனியிலும் ஏற்றுமதி ஆபீஸிலும் அடைந்து கிடக்கிறோம். ஒரு நாள் கிராமத்துக் காற்றை அனுபவிக்கக் கூடாதா?" என்கிறார்கள். தாராளமாக அனுபவிக்கலாம். பட்டணத்து வாலிபர் கிராமத்துக்கு வருவது நமக்கு மிகவும் உகந்த காரியம். அவர்களில் பெரும்பாலோரின் பாட்டனார் இதே இட்டேரியில் ஏர் கலப்பையைத் தோளில் சுமந்து நடந்தவராகவே இருப்பார். வண்டியை ஊர்ச் சாவடியில் நிறுத்திவிட்டு இறங்கி நடக்கட்டும். கவுதாரியின் குரலைக் கேட்கட்டும். சைக்கிளில் போகட்டும். கண்ணாடியை மூடிக்கொண்டு, பாட்டை அலறவிட்டு, செல்போனில் படம் பிடிப்பதற்காக ஒரே பள்ளத்தில் பத்து முறை இறங்கி ஏறுகிறவன் கிராமத்துக் காற்றை அனுபவிக்கிறான் என்று சொன்னால், கிராமத்துக் காற்றே அதை ஒப்புக்கொள்ளாது.

சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது? தார் ரோட்டை விட்டு இறங்கிவிட்டால் மோட்டார் சட்டமும் இறங்கிவிடுகிறது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது பிழை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 'பொது இடம்' என்பதற்குக் கொடுக்கப்பட்டுள்ள வியாக்கியானம் விசாலமானது. பொதுஜனங்களுக்குச் செல்ல உரிமையுள்ள எந்தப் பாதையும், எந்த இடமும் அதில் அடங்கும். இட்டேரியும் அவ்வாறே. ஆகவே லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் அங்கேயும் வேண்டும். அபாயகரமாக ஓட்டுவது அங்கேயும் குற்றமே. ராஜ்ய ஸர்க்காரின் எழுத்து மூலமான சம்மதமின்றிப் பொது இடத்தில் வேகப் பந்தயம் நடத்துவது அச்சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி தண்டனைக்குரியது. பிறர் நிலத்தில் அத்துமீறி நுழைவதும், வேலியைச் சேதப்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதையின்படியும் குற்றங்களே.

இவற்றைவிட முக்கியமானது 115-ஆவது பிரிவு. பொதுஜனப் பாதுகாப்பையோ சௌகரியத்தையோ, அல்லது ஒரு பாதையின் தன்மையையோ உத்தேசித்து, இன்ன பாதையில் இன்ன வகை வாகனங்கள் செல்லக்கூடாதென்று தடுக்கவும் கட்டுப்படுத்தவும் ராஜ்ய ஸர்க்காருக்கும், அதனால் அதிகாரமளிக்கப்பட்ட அதிகாரிக்கும் இப்பிரிவு உரிமை அளிக்கிறது. புதிய சட்டம் ஒன்றும் இயற்றவேண்டியதில்லை. கத்தி உறையில் இருக்கிறது, எடுப்பார்தான் இல்லை.

அந்நிய நாடுகள் இப்பிரச்னையை நமக்கு முன்னரே சந்தித்திருக்கின்றன. அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டில் ஜனாதிபதி நிக்ஸன் ஓர் உத்தரவு பிறப்பித்தார். ஸர்க்கார் நிலங்களில் எந்தெந்தத் தடங்களில் இத்தகைய வண்டிகள் செல்லலாம், எவற்றில் செல்லக்கூடாது என்று இலாகாக்கள் வரையறுக்க வேண்டும். மண்ணுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் வனஜீவன்களுக்கும் தீங்கு குறைவாக இருக்கும்படியும், மற்றவர்களோடு சச்சரவு நேராதபடியும் அத்தடங்கள் அமையவேண்டும் என்பது அதன் சாராம்சம். 1977-இல் ஜனாதிபதி கார்ட்டர் அதை இன்னும் கடுமையாக்கி, பெருந்தீங்கு நேருவதைக் கண்டால் உடனே அத்தடத்தை மூடிவிட வேண்டுமென்று பணித்தார். மோட்டார் வண்டியைத் தம் வாழ்வின் பாதியாகக் கொண்ட ஜனங்களே இவ்வாறு செய்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் வேலிகளுக்கிடையே ஓடும் பசும் பாதைகள் நம் இட்டேரிகளுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். பழைய காலத்தில் வண்டி சென்ற பாதை என்ற ஒரே காரணத்தைக் காட்டி அங்கும் மோட்டார்கள் உரிமை கொண்டாடின. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமாக 2006-ஆம் ஆண்டில் பார்லிமெண்ட் இயற்றிய சட்டம், சில விதிவிலக்குகள் நீங்கலாக, முறைப்படி பதிவு செய்யப்படாத அத்தகைய மோட்டார் உரிமைகளை ரத்து செய்துவிட்டது. குதிரையும் கட்டை வண்டியும் சென்ற பாதை என்பதனால் மோட்டாரும் செல்லலாமென்பது நியாயமல்ல என்ற கொள்கை அங்கே நிலைபெற்றது. மாட்டு வண்டி சென்ற நம் பாதைக்கும் அதே நியாயம் பொருந்தும்.

அண்டை ராஜ்யமான கேரளத்தையும் பார்க்கலாம். இடுக்கி ஜில்லாவில் விபத்துக்கள் நேர்ந்ததனால் இத்தகைய ஓட்டப் பந்தயங்களுக்கு ஜில்லா நிர்வாகம் தடை விதித்திருந்தது. 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில், வாகமண் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அத்தடையை மீறி நடந்த ஓட்டத்தின் பேரில் வழக்குப் பதிவாயிற்று. பிரசித்தி பெற்ற சினிமா நடிகர் ஒருவரும் அதில் அகப்பட்டார். அவர் பிரபலம் என்பதற்காக விட்டுவிடவில்லை. அங்கே இயன்றது இங்கே ஏன் இயலாது?

ஆகவே நமது யோசனைகளைச் சுருக்கமாகக் கூறுகிறோம். முதலாவது, காரியம் கிராமத்தில் தொடங்கவேண்டும். வருஷத்துக்குப் பலமுறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்திலேயே ஒவ்வொரு ஊராட்சியும் தன் எல்லைக்குள் எஞ்சியிருக்கும் இட்டேரிகளை, சர்வே எண், நீளம், அகலத்துடன் ஜாபிதா செய்து, தீர்மானமாக நிறைவேற்றட்டும். தன்னிடம் உள்ளது இன்னதென்று அறியாதவன் அதைக் காப்பது எப்படி? இரண்டாவது, அந்த ஜாபிதாவை வைத்துக்கொண்டு, திருப்பூர் ஜில்லா நிர்வாகம் 115-ஆவது பிரிவின்படி நடவடிக்கை எடுக்கவேண்டும். அப்பாதையிலுள்ள தோட்டக்காரர், குடியிருப்போர், விவசாய வண்டிகள், ஆம்புலன்ஸ் முதலியவற்றுக்கு எவ்விதத் தடையும் கூடாது. கேளிக்கை ஓட்டத்துக்கு மட்டுமே தடை. பாதையின் இரு முனையிலும் தமிழில் பலகை நடவேண்டும். அறிவிக்காமல் அபராதம் போடுவது நேர்மையன்று. மூன்றாவது, சேதம் விளைவித்தவர்களிடம் அபராதத்தோடு நின்றுவிடாமல், பாதையைச் செப்பனிடும் செலவையும் வசூலித்து ஊராட்சிக்கே கொடுக்கவேண்டும்.

நான்காவது, ஆசையை அடக்குவது மட்டும் போதாது. அதற்கு வடிகாலும் வேண்டும். பயிரேறாத தனியார் நிலத்தில், சொந்தக்காரரின் பூரண சம்மதத்துடன், அண்டை அயலாருக்கும் பண்ணைகளுக்கும் தொலைவாக, கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு திடலை ஏற்படுத்த ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. சேறு வேண்டுமானால் அங்கே தண்ணீர் விட்டுச் சேறாக்கிக் கொள்ளட்டும். அதனால் ஒரு விவசாயிக்கு வருமானமும் உண்டாகும். ஐந்தாவது, ஜீப் சங்கங்களில் உள்ள பொறுப்புணர்ந்த வாலிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாடுகளில் இத்தகைய சங்கங்களில் சில, ஓட்டுவதோடு நில்லாமல் பாதையைப் பழுது பார்க்கும் தொண்டும் செய்கின்றன. அவர்களும் ஆடிக்கு முந்திய மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டும். வண்டியில் கிளுவைக் கொம்புகளை ஏற்றிக்கொண்டு வந்து, கெட்டுப்போன வேலியில் நட்டுக் கொடுக்கட்டும். அன்று அவர்களுக்கு மோர் கொடுத்து உபசரிக்காத வீடு கொங்கு நாட்டில் ஒன்றும் இராது.

இது சிறு விஷயம், இதற்கு இத்தனை சிரத்தை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு நொய்யலை ஞாபகப்படுத்துகிறோம். சாயத் தண்ணீர் ஆற்றில் கலந்த ஆரம்ப நாட்களில் அதுவும் சிறு விஷயமாகவே தோன்றியது. தொழில் வளருகிறது, ஊர் செழிக்கிறது, கீழ்ப்புறத்து விவசாயி நாலுபேர் முணுமுணுத்தால் என்ன என்று சொன்னவர்கள் உண்டு. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் பயிருக்கும் ஆகாமல் மாட்டுக்கும் ஆகாமல் போன பிறகு, 2011-ஆம் ஆண்டில் சென்னை ஹைகோர்ட்டு சாயப் பட்டறைகளை மூடச் சொன்னபொழுதுதான் ஊர் விழித்துக்கொண்டது. அதற்குள் ஆற்றுக்கு நேர்ந்த கேடு நேர்ந்துவிட்டது. தொழிலாளிக்கு நேர்ந்த கஷ்டமும் நேர்ந்துவிட்டது. ஆற்றின் விஷயம் பெரிது, இட்டேரியின் விஷயம் சிறிது என்பது மெய். ஆனால் இரண்டிலும் அடங்கிய தர்மம் ஒன்றே. ஒருவன் லாபத்துக்கோ இன்பத்துக்கோ, அவனைத் தட்டிக் கேட்கச் சக்தியற்ற மற்றொருவன் விலை கொடுக்கலாகாது.

முள்ளை வெட்டிப் போட்டு வேலியை அடைத்துக்கொண்டிருந்த அம்மூதாட்டியாரின் கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர்கள் ஜீப்பில் வந்தவர்கள் மட்டுமல்லர். ஊராட்சி மன்றத் தலைவர்களும், ஜில்லா அதிகாரிகளும், இந்தப் பாதையில் நடந்து வளர்ந்துவிட்டு இப்பொழுது பட்டணத்தில் வாழும் நாம் எல்லோரும் சொல்லவேண்டும். நல்ல ரோடுகள் நாட்டில் நிரம்ப இருக்கின்றன. இட்டேரிகளோ இனிப் புதிதாக உண்டாகப் போவதில்லை. இருக்கின்ற சிலவற்றையேனும் ஆடுகளுக்கும், கவுதாரிகளுக்கும், காலால் நடக்கும் மனிதர்களுக்கும் விட்டுவைப்போமாக.